மஞ்சள் வைத்த ஓட்டு

எந்த வருஷம் என்று போனில் கேட்டாய். வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது, மகளே. பாலோ ஸ்டேஷனுக்குள் வெள்ளம் புகுந்து, சரக்கு ரயில் நகர முடியாமல் நின்று, பெட்டிக்குள் இருந்த அன்னாசிப்பழம் அழுகி ஊரே இனிப்பாக நாறிய வருஷம். பண்டார் தெங்காரா பக்கம் காட்டை அழித்துச் செம்பனை நட ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம். நம் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனம் அத்தனையும் அவர் வேலிக்கு வெளியே நின்று சத்தம் கேட்காமலே குஸ்தி பார்த்த வருஷம். உன் அண்ணன் நடக்கப் பழகாமல் நேராக ஓடப் பழகிய வருஷம். அந்த வருஷம்தான் லோரி ஓட்டிக்கொண்டிருந்த சின்னமுத்து சட்டமன்றத்துக்கு நின்றார். நின்றார், தோற்றார். அவரைத் தோற்கடித்தவள் உன் அம்மா.

உனக்கு இது தெரியாது. வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று உன் அம்மா உத்தரவு போட்டிருந்தாள். அவள் இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நீ ஜெயித்திருக்கிறாய். அதே பாலோ பக்கம், அதே ஜனம், சின்னமுத்து பின்னால் ஜெயித்து உட்கார்ந்த அதே நாற்காலி. சட்டமன்றத்தில் முதல் தடவை எழுந்து பேசும்போது சின்னமுத்து மாமாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவர் வாழ்க்கையைச் சொல்லுங்கள் அப்பா என்றாய். இரண்டு வார்த்தைக்கு அடங்குகிற ஆளா அவர்? நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். சிங்கப்பூர் வேலைக்கு இன்று லீவு. “மாமா, மெதுவா சொல்லுங்க லா, என் கை என்ன மிஷினா?” என்று இப்போதே முறைக்கிறாள். அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

சின்னமுத்து ஆள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே அவர் தலைமுடி மட்டும்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் லோரி தானாக ஓடி வருவது போல இருக்கும். கிழட்டு லோரி, ஆனால் சொந்த லோரி. பள்ளிக்கூடத்தில் ஏதோ கொஞ்சம் படித்தவர். குரல் மட்டும் கோயில் மணி. லோரியின் முன்மூக்கில் ஏறி நின்று பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டமாக முடித்துவிடுவார். அவர் தேர்தலில் நின்றது பதவி ஆசைக்காக இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்; கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஆனால் காரணம் வேறு. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. புதிய கம்பெனி வந்தால் லயத்தை இடிக்கும். பிறந்ததிலிருந்து அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த எங்களுக்கு வேறு வீடு கிடையாது, ஒரு சாண் நிலம் கிடையாது. “சட்டமன்றத்துல நம்ம ஆளு ஒருத்தன் உக்காந்தாத்தான் ஆளுக்கொரு வீடு கேக்க முடியும். எவனும் நிக்க மாட்டேங்கறான், நான் நிக்கிறேன்” என்றார். எந்தக் கட்சியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனி ஆளாக நின்றார். சின்னமாகச் சாவி கிடைத்தது. லோரியின் மேல் ஏறி அதைத் தூக்கிக் காட்டினார்: “வீடு கேட்டேன், சாவியக் குடுத்துட்டானுங்க. இன்னும் பூட்டும் வீடுந்தான் பாக்கி!” ஜனம் சிரித்து அடங்க நேரமானது.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் அவர் லயத்துச் சுவரில் கரியால் ஓட்டுச் சீட்டு மாதிரி வரைந்து, சாவிப் படத்துக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி எப்படிப் போடுவது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். ஓட்டுரிமை தருகிற குடியுரிமை நீலக் கார்டு வைத்திருந்த பெண்கள் ஆண்களைவிட அழகாகப் போட்டார்கள். ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது உன் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நான் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. “ஏன்க்கா, வெள்ளக் கடுதாசி, அதுல கறுப்பா ஒரு கோடு. நாலு மூலையில மஞ்சள் வெக்காத கடுதாசி என்னா கடுதாசி? கருமாதிக் கடுதாசி! நல்ல காரியத்துக்குப் போற மனுசனுக்கு அதையா கையில குடுக்கறது?” என்றாள். கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவாமல் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். யாரோ ஒருத்தி, “அட ஆமா பொன்னம்மா, யாருக்குமே தோணலியே” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் நம் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் முந்தானை முடிச்சில் ஈர மஞ்சளோடு ஓட்டுப் போடப் போனார்கள். மறைப்புக்குள் நின்று பெருக்கல் குறியைச் சரியாகப் போட்டார்கள். பிறகு சுண்டுவிரலால் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்துப் பெட்டியில் போட்டார்கள்.

ஓட்டு எண்ணுகிற இடத்தில் நடந்ததைச் சின்னமுத்து வாயால் கேட்டேன். சீட்டில் வேறு எந்த அடையாளம் இருந்தாலும் அது செல்லாத ஓட்டு. அது சட்டம், அவருக்கும் தெரியும். செல்லாதவற்றைத் தனியாகக் கட்டிவைத்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கட்டைப் பார்த்ததும் மஞ்சள் வாசனை அடித்ததாம். அதிகாரி வயதான மலாய்க்காரர். இது என்ன, ஏதாவது ரகசியக் குறியா என்று கேட்டார். இல்லை துவான், எங்கள் வீட்டுப் பெண்கள் என்னை ஆசீர்வாதம் செய்திருக்கிறார்கள் என்றார் சின்னமுத்து. அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எங்கள் வீட்டிலும் நல்ல காரியத்துக்கு மஞ்சள் அரிசி தூவுவார்கள், ஆனால் நான் என்ன செய்ய முடியும் என்றாராம். சின்னமுத்து தோற்றது கொஞ்ச ஓட்டில். மஞ்சள் கட்டு அதைவிடப் பெரிது.

காலையில் லோரி வரும் சத்தம் கேட்டதுமே உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் அவளைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். அடுப்பு பற்றவைக்கவில்லை, பிள்ளையைக்கூடத் தூக்கவில்லை. சின்னமுத்து நேராக நம் வாசலுக்கு வந்தார்.

“பொன்னம்மா தங்கச்சி எங்க?”

உள்ளேயிருந்து அழுகைதான் வந்தது. “அண்ணே, என் கைய வெட்டிப் போட்டுருங்கண்ணே.”

“கைய வெட்டிட்டா அடுத்த தடவ எதால ஓட்டுப் போடுவ? கதவத் தொற. பசிக்குது, இட்டிலி இருக்கா?”

கதவு திறந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கூடிவிட்ட ஜனத்தைப் பார்த்துச் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், அண்ணி அப்படியே எழுதட்டும்: “இந்த நாட்டுல எத்தனையோ பேரு ஜெயிச்சிருக்கான். எவனுக்காவது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஓட்டு விழுந்திருக்கா? எனக்கு விழுந்திருக்கு. நான் தோத்தேன்னு எவன்டா சொன்னது?” திட்டிய ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மகளே, நீ எத்தனையோ பேச்சுக் கேட்டிருப்பாய், இனிமேல் நீயே பேசுவாய். தோற்ற மறுநாள் காலையில் ஒரு மனிதன் என்ன பேசுகிறான் என்பதை வைத்துத்தான் அவனை எடை போட வேண்டும். ஜெயித்த அன்று யாருக்கும் நன்றாகப் பேச வரும்.

ஆனால் பேச்சால் வீடு வராது. கொஞ்ச நாளில் தோட்டம் கை மாறியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜெயித்தவர் குளுவாங் டவுனைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. ஒரு நாள், இடிக்கிற டிராக்டர் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. சின்னமுத்து தன் லோரியைக் கொண்டுவந்து லயத்துக்குள் நுழைகிற ஒரே பாதையில் குறுக்கே நிறுத்தினார். ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் மேடு. ஆட்டுக்குட்டி போகலாம், டிராக்டர் போகாது. இறங்கி வந்து லோரிச் சாவியை உன் அம்மா கையில் வைத்தார். “இத எங்கயாச்சும் வெச்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத.” தோட்டமே கைராசி இல்லாதவள் என்று ஒதுக்கிய கை அது. அந்தக் கையில் அவர் அதைக் கொடுத்தபோது உன் அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு அவள் யாருக்கும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. உன்னிடம் இருக்கிற தைரியம் என் பக்கத்துச் சொத்து இல்லை.

புதிய மேனேஜர் வந்து கத்தினார். “சாவி என்கிட்ட இல்ல தொரை. எங்க வெச்சேன்னே தெரியல. நீங்களும் தேடுங்க, நானும் தேடறேன்” என்று சின்னமுத்து அவரோடு சேர்ந்து புல்லுக்குள் குனிந்து தேடினார். போலீஸ் வந்தது. உன் அம்மா அவர்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாள். சாவி அவள் மஞ்சள் டப்பாவுக்குள், மஞ்சளுக்கு அடியில் இருந்தது. கோப்பி குடித்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும். நாள் போகப் போக லோரிக்கு அடியில் கோழி அடைகாத்தது. சக்கரத்தில் பூசணிக் கொடி ஏறியது. பிழைப்புக்கு இருந்த ஒரே லோரியை நிறுத்திவிட்டு, அந்த மனிதன் வேறு ஒருத்தரிடம் மூட்டை தூக்கினார். அதை மட்டும் எந்த மேடையிலும் அவர் சொன்னதில்லை, நீ சொல்.

அவர் வேலை செய்த விதத்தையும் கேட்டாய். ஒன்றுதான். மனு கொடுக்க அவர் தனியாகப் போக மாட்டார். யாருக்கு வீடு வேண்டுமோ அவர்களையே பஸ்ஸில் ஏற்றிக் குளுவாங் நில அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார். பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு போய் நீள நாற்காலியில் வரிசையாக உட்காருவார்கள். பேச மாட்டார்கள், கூச்சல் போட மாட்டார்கள். மத்தியானம் ஆனதும் பாத்திரத்தைத் திறப்பார்கள். நெத்திலிக் கருவாட்டுச் சம்பல் வாசனை மேல் மாடி வரைக்கும் போகும். “அலமாக்! இன்னைக்கும் வந்துட்டாங்களா!” என்று ஒரு பையன் உள்ளே ஓடுவான். கடைசியில் பெரிய அதிகாரியே இறங்கிவந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். வீடு ஏற்பாடு ஆகும்வரை லயத்தைத் தொடக் கூடாது என்று காகிதம் வந்தது. ஆனால் இன்ன இடத்தில் இத்தனை வீடு என்று எழுதி வாங்கச் சட்டமன்றத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தோம். அடுத்த தேர்தலும் வந்தது. இந்தத் தடவை ஒரு கட்சியே வந்து அவரை அழைத்துக்கொண்டது.

ஓட்டு நாள் விடிந்ததும் குழாயடியில் உன் அம்மா நின்றாள். கையில் புளி, பக்கத்தில் சவுக்காரம். பெண்கள் வரிசையாக வந்தார்கள். “கையக் காட்டு. நகக்கண்ணக் காட்டு. இன்னும் மஞ்சளா இருக்கு பாரு, போய்த் தேய்.” முந்தானை முடிச்சை எல்லாம் அவிழ்த்து உதறிப் பார்த்தாள். பெரியவள் சின்னவள் பார்க்கவில்லை. கங்காணி பெண்சாதியையே இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். “என்னாடி இது, ஓட்டுப் போடப் போறமா, ஆபரேசன் பண்ணப் போறமா?” என்று அந்த அம்மாள் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவைத் தவிர.

வரிசையில் கடைசியாக ஒரு புதுப்பெண் வந்தாள். பெக்கான் நானாஸ் பக்கமிருந்து நம் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள், பெயர் அஞ்சலை. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் சொட்டச் சொட்ட. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பழக்கத்தில் கழுத்தைத் தொடுவாள். விரல் மறுபடி மஞ்சளாகிவிடும். மறுபடி கழுவுவாள், மறுபடி தொடுவாள். கயிற்றைக் கழற்று என்று சொல்ல முடியுமா? அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். “நான் போடலக்கா. என்னால பெரியவரு தோத்துரப் போறாரு.” உன் அம்மாவுக்குத் தன் பழைய நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசித் தடவையாக அவள் கையைத் தானே கழுவித் துடைத்துவிட்டு, “ஒரு ஓட்டும் வீணாப் போவக் கூடாது. ரெண்டு கையையும் மேல தூக்கு. அப்படியே நட. சீட்டு வாங்கற வரைக்கும் எறக்காத” என்றாள்.

அஞ்சலை அப்படியே நடந்தாள். குழாயடியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும், திருடனைப் போலீஸ் பிடித்துப் போவது மாதிரி, தலைக்கு மேல் இரண்டு கை. பின்னால் நம் பெண்கள் அத்தனை பேரும். வாசலில் நின்ற போலீஸ்காரர் பயந்துபோய், யார் இந்தப் பெண்ணை மிரட்டியது என்று கேட்டார். எல்லாருக்கும் சிரிப்பை அடக்கினால் போதும் என்று இருந்தது. அவள் உள்ளே போனாள். வெளியே வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து உன் அம்மாவிடம் காட்டினாள். பச்சைப் பிள்ளையின் கை மாதிரி சுத்தம்.

அன்றைக்கு அவர் ஜெயித்தார் அம்மா! நம் பெட்டியில் ஒரு செல்லாத ஓட்டுக்கூட இல்லை. அதே வயதான அதிகாரிதான் எண்ண வந்தவர். மஞ்சள் இல்லையே என்று தேடினாராம்! நம் வீட்டுப் பெண்கள் கை கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள் துவான் என்று சின்னமுத்து சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்களாம். பிறகு நடந்தது உனக்கே தெரியும். பாலோவுக்குப் பக்கத்தில் நிலம் வந்தது, வீடு எழுந்தது. ஆளுக்கு ஒரு சாவி. வீட்டுச் சாவி வாங்கிய அன்று உன் அம்மா மஞ்சள் டப்பாவைக் கவிழ்த்து லோரிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். தங்கம் மாதிரி மஞ்சளாக இருந்தது. பூசணிக் கொடியை அறுக்க மனம் வராமல் சக்கரத்திலிருந்து பிரித்து விட்டு, காயைப் பறித்துக்கொண்டு, கோழியை வேறு இடத்தில் வைத்துவிட்டு, லோரியைத் தள்ளிக் கிளப்பினோம். எங்கள் சட்டி பானை ஏறிய முதல் நடையை ஓட்டியது சட்டமன்ற உறுப்பினர். நீ பிறந்தது அந்த வீட்டில். லயத்தைப் பார்க்காமல் பிறந்த முதல் பிள்ளை நீதான்.

அவரைச் சாமி ஆக்கிவிடாதே; அது அவருக்கே பிடிக்காது. யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிற வியாதி அவருக்கு இருந்தது. ஒரு தடவை நம் கோயிலில் இரண்டு பேர் தலைவர் பதவிக்குச் சண்டை போட்டார்கள். தனித்தனியாக இவரிடம் வந்தார்கள். இரண்டு பேரிடமும் “நீதான்யா தலைவர், போ” என்று அனுப்பிவிட்டார். அந்த வருஷம் ஒரே அம்மனுக்கு இரண்டு தேர். நடுரோட்டில் இரண்டும் எதிரெதிரே வந்து நின்றன, யார் வழிவிடுவது? கடைசியில் நம் ஒய்பி, சட்டமன்ற உறுப்பினர் சின்னமுத்துவே இறங்கி, ஒரு தேரைத் தன் கையால் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “லோரின்னா ரிவர்ஸ் கியர் இருக்கும்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். நீ படித்தவள், வழக்கறிஞர். ஆமாம் என்பதையும் இல்லை என்பதையும் அவரைவிடத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள். இன்னொன்று, நாற்காலியை விட அவருக்கு மனம் வரவில்லை. உடம்பு தளர்ந்த பிறகும் நின்றார், தோற்றார். மறுநாள் காலையில் நம் வீட்டுக்கு வந்தார். “தங்கச்சி, இட்டிலி இருக்கா?” என்றார். உன் அம்மா தட்டை வைத்துக்கொண்டே, “இந்தத் தடவை நான் ஒண்ணும் பண்ணலண்ணே” என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று நீ அன்று கேட்டாய். இதற்குத்தான்.

நீ ஜெயித்த செய்தி வந்தபோது நான் பாயின் தேநீர்க் கடையில் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சு தாங்காது என்று வந்திருந்தேன். பாய் தே ஆற்றிக்கொண்டிருந்த கையோடு போனைக் காதில் வைத்தார். கேட்டதும் குவளையை அப்படியே உயரத் தூக்கிக் கத்தினார். “பெரியவரே, நம்ம பொண்ணு ஒய்பி ஆயிட்டா!” தே என் சட்டையில், அவர் தலையில், பக்கத்து மேசைச் சீனர் ரொட்டியில். அந்தச் சீனரே எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அழவில்லை. அண்ணி அழுததாக எழுதப் பார்க்கிறாள், நம்பாதே.

உன் பதவியேற்பு அழைப்பு நேற்று வந்தது. கெட்டி அட்டை, பொன் எழுத்து. படிக்கத் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கிழவி இருக்கிறாள். நீ ஓட்டுக் கேட்டுப் போனபோது உன் தலையில் கை வைத்தாளே, அவள்தான். போன வாரம் சக்கர நாற்காலியில் வந்து உனக்கு ஓட்டுப் போட்டாள். பள்ளிக்கூட வாசலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். தள்ளிக்கொண்டு வந்த பேரன், “ஏன் பாட்டி, மானத்த வாங்கற?” என்று கெஞ்சினான். “எறக்க மாட்டேன் போ. ஒன் ஓட்டு எப்படியோ, என் ஓட்டு செல்லணும்” என்றாள்.

அட்டையை அவள் மடியில் வைத்தேன். மஞ்சள் கொண்டுவரச் சொன்னாள். விரலைத் தோய்த்துவிட்டு, மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இதுல வெக்கலாமா? செல்லாமப் போயிராதே?”

“வை தங்கச்சி. இது செல்லும்.”

நான்கு மூலையிலும் வைத்தாள். கண்ணில் ஒற்றினாள். பிறகு, வைக்க முடியாமல் போன அத்தனை நாளுக்கும் சேர்த்து, நடுவிலும் ஒன்று வைத்தாள். அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்; சட்டமன்றத்துக்குள் போகும்போது கையில் வைத்துக்கொள். சத்தியம் செய்துவிட்டு வந்ததும் நீ நம் வீட்டுக்குக்கூட முதலில் வர வேண்டாம், அம்மா. அந்தப் பின்தெருவுக்குப் போ. குழாயடியில் கை கழுவி வரிசையில் நின்றவர்களில் கங்காணி பெண்சாதி போய்விட்டாள். சின்னமுத்து போய்விட்டார். உன் அம்மா போய்விட்டாள். உயிரோடு இருப்பவள் ஒருத்திதான். அஞ்சலை.